லோர்னாவின் நாற்காலி

"அதுல உக்காராதீங்க மேடம். அது லோர்னா சீட்டு," என்றான் ட்ரெவர்.

ஹில்டா ஃப்ரீசன் பாதி குனிந்தபடியே நின்றார். எழுபதைத் தாண்டியவர். எங்கள் பஸ் செயலியைச் சோதித்துப் பார்க்கக் கீழே நூலகத்திலிருந்து கெஞ்சி அழைத்து வந்திருந்தோம்.

"லோர்னா பாத்ரூம் போயிருக்காளா?"

"இல்ல, அவங்க நாங்க கற்பனையா எழுதின ஆளு," என்றாள் ஒக்ஸானா.

செயலி வடிவமைக்கும் எங்கள் மாலை வகுப்பின் விதி அது. ஒரு பொத்தானைச் சேர்ப்பதென்றாலும் முதலில் லோர்னாவைப் பற்றிக் கதை எழுத வேண்டும். கதையில் அவள் தொட்டால்தான் செயலியில் அந்தப் பொத்தான் இருக்கும். கூட்டத்தில் அவளுக்கென்று ஒரு நாற்காலி காலியாக இருக்க வேண்டும்.

மற்ற நாற்காலிகளில் நாங்கள் மூவரும், பனியில் நனைந்த எங்கள் கோட்டுகளும் இருந்தோம்.

வெளியாள் ஒருவர் இன்றைக்குள் சோதனையை முடித்தால்தான் தேர்ச்சி. போன பருவத்தில் இதே வகுப்பில் நான் தேறவில்லை.

அவர் உட்கார என் கோட்டை எடுத்துவிடலாமா என்று தோன்றியது. சோதனையின் நடுவில் நான் எழுந்தால் முடிவு கெட்டுவிடுமோ என்றும் தோன்றியது. கைப்பேசியோடு நின்ற ஹில்டா செய்வதையெல்லாம் எழுதிக்கொண்டே இருந்தேன்.

உடல் பாரத்தை வலது காலுக்கு மாற்றினார். குறித்தேன்.

சுவரில் சாய்ந்தார். குறித்தேன்.

பெருமூச்சு விட்டு, திரையை வேகவேகமாகத் தட்டினார்.

"லோர்னாவா இருந்தா இப்படி அவசரப்பட மாட்டா," என்று ட்ரெவர் முணுமுணுத்தான்.

"அப்ப அவளையே கூப்பிட்டு வெச்சுக்கோங்கப்பா." கைப்பேசியை என் மடியில் போட்டுவிட்டு ஹில்டா வெளியேறினார்.

"போச்சு. உன் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா?" ஒக்ஸானா தலையில் கை வைத்தாள்.

கைப்பேசித் திரை இன்னும் அணையவில்லை. கடைசிப் பொத்தானையும் அவர் தொட்டிருந்தார். விடை வந்திருந்தது:

'உட்கார பெஞ்ச் உள்ள மிக அருகிலுள்ள நிறுத்தம்: கல்லூரி வாசல்.'

எங்கள் எல்லாக் கதைகளிலும் லோர்னா தேடியது அதைத்தான். அவளால் அதிக நேரம் நிற்க முடியாது.

சன்னலருகே போனேன். கீழே, வினிபெக் நகரத்துப் பனியில், ஹில்டா கல்லூரி வாசல் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு முழங்கால்களையும் தேய்த்துக்கொண்டிருந்தார்.

'சோதனை வெற்றி' என்று எழுதினேன்.

ட்ரெவர் லோர்னாவின் நாற்காலியைத் தட்டிக்கொடுத்தான்.