பல்லாவரத்தில் இறங்கியவன்

தியேட்டரே சிரிப்பில் குலுங்கியது.

அவள் மட்டும் பக்கத்து சீட்டைப் பார்க்காமல் இருக்கப் படாதபாடு பட்டாள்.

திரையில் கதாநாயகன் பஸ்ஸில் நிற்கிறான். பெண் பார்க்கப் போகும் ஊரின் பெயர் வாயில் வரவில்லை. திக்குகிறான். கண்டக்டர் விசிலைக் கையில் பிடித்தபடி அவன் வாயையே பார்க்கிறார். பஸ்ஸே பார்க்கிறது. கடைசியில், சுலபமாக வாயில் வருகிற வேறொரு ஊருக்குச் சீட்டு வாங்கி, அங்கே இறங்கி, யார் வீட்டுக் கல்யாணத்திலோ மாப்பிள்ளை ஆகிவிடுகிறான்.

பின்வரிசையில் ஒருவர் சிரித்துச் சிரித்துப் புரையேறி இருமினார்.

படத்தின் தொடக்கத்தில் அவள் பெயர் வந்திருந்தது. திக்குவாய் பற்றி அவள் எழுதிய அறிவியல் புத்தகத்தைத் தழுவியது என்று. நாக்குக்கும் மூளைக்கும் நடக்கும் இழுபறியை யாருக்கும் புரிகிற மாதிரி எழுதியிருந்தாள். அதை வைத்துச் சிரிப்புப் படம் எடுக்கலாம் என்று இவர்களுக்குத் தோன்றியதே பெரிய ஆச்சரியம். யாரையும் புண்படுத்த மாட்டோம் மேடம் என்றார்கள். சினிமாக்காரர்கள் சொன்னதை நம்பினாள்.

அந்த பஸ் அவள் புத்தகத்தில் இருந்தது.

‘ஒரு சிறுவன்’ என்றுதான் எழுதியிருந்தாள்.

அந்தச் சிறுவனுக்கு, வீடு இருந்த குரோம்பேட்டையின் பெயரைச் சொல்ல வராது. அதற்கு முந்தின பல்லாவரம் வரும். பள்ளிக்கூடம் விட்டதும் பல்லாவரத்துக்குச் சீட்டு வாங்கி, இறங்கி, மீதி தூரத்தை வெயிலில் நடந்து வீட்டுக்கு வருவான். ஏன்டா லேட்டு, ஏன்டா லேட்டு என்று அவள் துளைத்தெடுத்த பிறகு, ஒருநாள் அழுதுகொண்டே சொன்னான்.

“யார்கிட்டயும் சொல்லாதம்மா.”

இப்போது பக்கத்து சீட்டில் இருப்பது அவன்தான். பரணி. தாடி வைத்த பெரிய ஆள். அம்மாவின் புத்தகத்தைப் படித்ததில்லை. படமாக வரட்டும், பார்த்துக்கொள்கிறேன் என்றிருந்தான்.

அவன் சிரிக்கவில்லை. இருவருக்கும் பொதுவான கைப்பிடியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.



படம் முடிந்தது.

இந்த மாதிரி முன்காட்சிகளில் ஒரு வழக்கம் உண்டு. டைரக்டர் வாசலில் நிற்பார். பார்த்தவர்கள் வரிசையாகப் போய்க் கைகொடுத்து, சூப்பர் சார் என்று சொல்லிவிட்டுத்தான் வெளியேற வேண்டும். படம் பிடிக்காதவர்கள் இரண்டு முறை சொல்வார்கள்.

பரணி அவளுக்கு முன்னால் நின்றான். கையை மட்டும் கொடுத்துவிட்டுப் போய்விடுடா என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

அவன் வாயைத் திறந்தான்.

“கு… கு…”

வரிசை நின்றது.

“குட் ஃபிலிமா? தேங்க்ஸ் தம்பி” என்று டைரக்டர் கையை உருவப் பார்த்தார்.

அவன் விடவில்லை. இல்லை என்று தலையசைத்தான். மறுபடி தொடங்கினான். கழுத்து நரம்பு புடைத்தது. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்து, பாதியில் அடக்கிக்கொண்டார்கள்.

அவளுக்கு அந்தச் சொல் தெரியும். நுனி நாக்கில் வந்து நின்றது. திக்குகிறவர்களுக்குச் சொல்லை எடுத்துக்கொடுக்காதீர்கள் என்று எழுதியவளே அவள்தான். எடுத்துக்கொடுத்தால், சொல்ல வந்தது அதுவல்ல என்றாலும், விட்டால் போதுமென்று தலையாட்டிவிடுவார்கள் என்றும் எழுதியிருந்தாள்.

பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“குரோம்பேட்டை” என்றான் பரணி.

முழுசாக. அவளைத் திரும்பிப் பார்த்து.

டைரக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. பரணி அவர் கையை விட்டான். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனான். அவளுடைய கார் நின்ற பக்கம் அவன் போகவில்லை. பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தான்.

அடுத்தது அவள்.

“மேடம், உங்க புக்குக்கு நியாயம் பண்ணிட்டோமா?”

வாயைத் திறந்தாள். ஒரு சொல்லும் வரவில்லை.

வரிசை காத்திருந்தது.

“பேச்சே வரல பாருங்க! சூப்பர்னு சொல்ல வர்றீங்க, அதானே?”

அவள் தலையாட்டினாள்.