ஒத்துக்காத ஊசி

ஒரகடம் பக்கத்து நர்சிங் கல்லூரி ஒன்றில், பயிற்சிப் பொம்மைக்குக் குரல் கொடுப்பவள் ஆசிரியை மதிவதனி. பொம்மை கிடக்கும் அறையின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்து, நோயாளியாக மைக்கில் பேசுவாள். அன்றைக்குப் பொம்மை, காலில் இரும்பு விழுந்து சீழ் பிடித்த தொழிலாளி. பென்சிலின் ஒத்துக்குமா என்று கேட்டுவிட்டு மாணவர்கள் ஊசி போட வேண்டும். "ஒத்துக்கும், போடும்மா" என்பது மதிவதனியின் பதில்.

பதிலைக் கேட்ட பிறகும் மாணவி வேல்விழி ஊசியைத் தட்டில் வைத்துவிட்டாள்.

"ஏம்மா போடல?"

"அவருக்கு ஒத்துக்காதாம் மேடம். போன தபா மூச்சே நின்னுடுச்சாம்."

"யார் சொன்னா?"

"அவருதான். நீங்கதானே மேடம் பேசினீங்க?"

பயந்துபோய்க் கதை கட்டுகிறாள் என்று மதிவதனி பூஜ்யம் போட்டாள். ஆனாலும் சந்தேகம் விடவில்லை. எல்லாரும் பேசி வைத்துக்கொண்டு விளையாடுகிறார்களோ? அடுத்தவன் டில்லிபாபுவை, வேல்விழியைப் பார்க்கவிடாமல் நேரே உள்ளே அனுப்பினாள். மைக் வயரைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

டில்லிபாபு மருந்தை ஊசியில் ஏற்றினான். பொம்மையின் கையைத் துடைத்தான். சட்டென்று நின்று, குனிந்து அதன் வாயருகே காதை வைத்தான்.

மதிவதனியின் ஹெட்போனில் அவன் குரல் மட்டும் கேட்டது.

"சரிண்ணா, போடல. அழுவாதீங்க."