சொல்லி அனுப்பியவர்

"உள்ளே கத்தினா வெளியே பொட்டுச் சத்தம் கேக்கக் கூடாது. அந்த ரூமுக்கு வெளிப்பக்கமா ஒரு தாழ்ப்பாள் வேணும்."

அந்த அம்மாள் ஏதோ காய்கறி வாங்க வந்தவர் போலச் சாதாரணமாகத்தான் சொன்னார். குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பட்டறைக்காரருக்குத்தான் பேனா நின்றுவிட்டது.

பழைய லாரியின் மேல் வீடு கட்டித் தருவது அவர் தொழில். கூரையில் சோலார், அடியில் ஐந்நூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டி, உள்ளே அடுப்பு, கட்டில், கழிவறை. கரண்டும் குழாயும் இல்லாத காட்டில் வாரக்கணக்கில் இருக்கலாம். வருகிறவர்கள் எல்லாரும், மலை தெரிகிற மாதிரி பெரிய ஜன்னல் கேட்பார்கள். இப்படி ஓர் அறையை இதுவரை யாரும் கேட்டதில்லை.

"யாரும்மா ஓட்டப் போறது?"

"நான்தாண்ணே. இருபது வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டியிருக்கேன்."

"கூட?"

"என் பொண்ணு. இருபத்திமூணு வயசு. அவளுக்குத்தான் அந்த ரூம். சுவர் பூரா மெத்தை வச்சிடுங்க."

"எவ்வளவு தூரம் போறீங்க?"

"ஆள் நடமாட்டம் எங்க இல்லையோ, அதுவரைக்கும்."

பட்டறைக்காரருக்குச் சந்தேகம் தட்டியது. அதைக் காட்டிக்கொள்ளாமல் பெரிய நோட்டைத் திறந்தார். வண்டிக்கு ஒரு பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'சொல்லி அனுப்பியவர்' என்று ஒரு கட்டம் இருக்கும். வண்டி கிளம்பும் நாளில் அந்த ஆளுக்கு ஒரு பெட்டி இனிப்பு போகும். அவர் அப்பா காலத்துப் பழக்கம் அது.

"யாரு சொல்லி வந்தீங்க?"

"வண்டி எடுக்கிற அன்னிக்குச் சொல்றேண்ணே."

இதுவும் இடித்தது.

அந்த அம்மாள் போனதும் வெல்டர் கிட்டே வந்தான். "முதலாளி, பெத்த பொண்ணையே கூண்டுல அடைக்கப் பாக்குது. போலீஸ் காதுல போட்டு வச்சிடுங்க."

"பொண்ணைக் கூட்டிட்டு வரட்டும். உடம்புல ஒரு கீறல் கண்டாலும் நானே போன் பண்றேன்."

அநியாயம் என்று காதில் விழுந்தால் அன்றைக்கே தீர்த்துவிடுகிற மனிதர் அவர். இருநூறு வீடு கொண்ட அவருடைய குடியிருப்பில் எட்டு வருஷமாக அவரைத்தான் சங்கச் செயலாளராக வைத்திருந்தார்கள். சும்மாவா வைப்பார்கள்?

மூன்று மாதத்தில் வண்டி முடிந்தது. மனசு ஒப்பாவிட்டாலும் கை ஒழுங்காக வேலை செய்தது. பஞ்சு, ரப்பர், பலகை, மறுபடி பஞ்சு, மேலே மெத்தை.

வண்டி எடுக்கும் நாளில் அந்தப் பெண் வந்தாள். படிய வாரிப் பின்னிய தலை, வெட்டிய நகம். இரண்டு கையாலும் காதைப் பொத்தியிருந்தாள். மணிக்கட்டில் வரிசையாகப் பல் தடம்.

பட்டறைக்காரரின் கை சட்டைப்பையிலிருந்த போனுக்குப் போனது.

"அவளே கடிச்சுக்கிறதுண்ணே," என்றார் அம்மா. "சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான். பயந்துட்டா..."

சொல்லி முடிப்பதற்குள் ரோட்டில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அந்தப் பெண் கத்தினாள். பட்டறையே நின்றுபோனது. வெல்டர் கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டான். அம்மா அவளை அணைத்தபடி வண்டிக்குள் ஏற்றி, தானும் ஏறி, கதவைச் சாத்தினார்.

சத்தம் அறுந்துபோனது.

கால் மணி நேரம் கழித்து அம்மா மட்டும் இறங்கினார். "கேட்டுச்சாண்ணே?"

"இல்லம்மா."

"ஒண்ணுமே?"

"ஒண்ணுமே கேக்கல."

அதுவரை கல்லாக இருந்த முகம் உடைந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"தூங்கிட்டா. தாழ்ப்பாள் எதுக்குன்னு நீங்க யோசிச்சிருப்பீங்க. நான் ஓட்டும்போது கதவைத் திறந்து குதிச்சிடுவாண்ணே. ஒரு தடவை குதிச்சிருக்கா. மூணு வருஷத்துல அஞ்சு வீடு மாறிட்டோம். இனிமே எங்களை யாரும் காலி பண்ணச் சொல்ல முடியாது."

பட்டறைக்காரருக்கு இந்த அம்மாளையா சந்தேகப்பட்டோம் என்று வெட்கமாக இருந்தது. நல்ல மனிதருக்கு வரவேண்டிய கோபமும் வந்தது.

"என்ன ஜென்மங்கம்மா அதுங்க! பிள்ளை குட்டி பெத்தவங்கதானே? ஒரு வார்த்தை நேர்ல வந்து கேக்கக் கூடாதா?"

"அவங்களும் தூங்கணுமில்லண்ணே. நான் யாரையும் குத்தம் சொல்ல மாட்டேன்."

"அந்தக் கல்நெஞ்சுக்காரங்களை விடுங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டை எடுத்தார். "எங்க பட்டறையைக் காட்டிக்குடுத்த புண்ணியவான் யாரு? இன்னிக்கு அவருக்கு ரெண்டு பெட்டி இனிப்பா அனுப்பறேன்."

அம்மா பையைத் துழாவி, நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

பட்டறையின் லெட்டர் பேடுதான். மேலே அவர் ஆசையாக அச்சடித்திருந்த வாசகம்: 'நீங்கள் நிற்கும் இடமே உங்கள் வீடு.' கீழே பட்டறையின் விலாசம், போன் நம்பர்.

நடுவில் பட்டறைக்காரரின் கையெழுத்து. சங்கத்துப் பேடு தீர்ந்துபோயிருந்த ஒரு நாள், அவசரத்துக்கு இதில் எழுதி வாட்ச்மேனிடம் கொடுத்தனுப்பியது. 'எழுபத்தொன்றாம் எண் வீட்டார் ஓயாமல் சத்தம் எழுப்புவதாகப் புகார் வந்துள்ளது. பத்து நாளில் காலி செய்யவும். இப்படிக்கு, செயலாளர்.'

அவர் தலை நிமிரவில்லை. அம்மாவின் குரலில் குத்தலும் இல்லை, கோபமும் இல்லை.

"கட்டத்துல உங்க பேரையே எழுதிக்குங்கண்ணே."