பழைய கருவியின் கோளாறு

வேறு கம்பெனியின் புது மின்னூல் கருவி வந்த அன்றே, பூபாலனின் மனைவி மோகனப்ரியா பழையதிலிருந்த புத்தகங்களை அதற்கு மாற்ற உட்கார்ந்தாள்.

“என்னங்க, போன மாசம் நான் ஏத்திக் குடுத்த நாவல மட்டும் பூஜ்யம் சதவீதம் படிச்சதா காட்டுது?”

பூபாலனுக்குக் காது சுட்டது. வேலைக்குப் போகும் ரயிலில் அவன் பார்த்ததெல்லாம் போனில் ரீல்ஸ்தான். ஆனாலும் வாய் அடங்கவில்லை.

“அந்தக் கருவியே அப்படித்தான், தப்புத்தப்பா காட்டும். அதான் வேற கம்பெனி கருவி வாங்கிட்டேன்.”

“அப்ப முழுசா படிச்சிட்டீங்க?”

“ஆங்! திருத்தணியில ஏறனவன் அரக்கோணம் வரைக்கும் அழுதுகினே போனேன். கடைசி அத்தியாயம் இருக்கே... யப்பா!”



மோகனப்ரியா நிமிர்ந்து பார்த்தாள்.

“கடைசி அத்தியாயத்த நான் இன்னும் எழுதவே இல்லீங்க.”