மூங்கில் கேட்டுக்கு வெளியே

தீவில், டெய்ரி ஃபார்ம் மேட்டில் உச்சிவெயில் கொளுத்துகிறது. டெலிபோன் ஆபீஸிலிருந்து மூச்சிரைக்க ஏறிவரும் மங்கையர்க்கரசி அப்படியே நின்றுவிடுகிறாள். ஜைனப் வீட்டு மூங்கில் கேட்டுக்கு வெளியே, எட்டு மாதம் கழித்து மெயின்லேண்ட் கப்பலில் வந்திறங்கிய மங்கையின் புருஷன் சிவஞானம், ட்ரங்குப் பெட்டிமேல் வியர்த்து வழிய உட்கார்ந்திருக்கிறான். உள்ளே ஜைனப், இடுப்பில் மங்கையின் மகள் ருக்கு, கையில் ஈர்க்கு விளக்குமாறு. "என் புள்ளைய எனக்கே தரமாட்டேங்குறாங்க!" என்று கத்துகிறான். "அப்பான்னு யாரு வேணா சொல்லலாம் சாகிப். பச்சாவோட அம்மா வரட்டும், பஸ், அவ்வளவுதான்" என்கிறாள் ஜைனப். அப்பாவின் முகம் மறந்துபோன ருக்கு ஜைனப்பின் கழுத்தை இறுக்கிக்கொள்கிறது. வேலைக்குப் போகையில் பிள்ளையை விட்டுச்செல்ல இதற்கு முன் மங்கை இரண்டு வீடு பார்த்தாள். ஒன்றில் கிணற்றுக்கு மூடியில்லை. இன்னொன்றில் வாசல் திறந்தே கிடந்தது. நேரே அடுப்படிவரை போனாள், நீ யார் என்று கேட்க ஆளில்லை. இங்கே இன்றுதான் முதல் நாள். காலையிலிருந்து பிள்ளையை நினைத்து அடித்துக்கொண்ட அவள் நெஞ்சு இப்போது பூரித்துப் போகிறது. "இவருதானா தங்கச்சி? தரலாமா?" தாழ்ப்பாளில் கைவைத்து ஜைனப் கேட்கிறாள். மங்கை புருஷனை உச்சிமுதல் உள்ளங்கால்வரை நிதானமாகப் பார்க்கிறாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இவருதான்க்கா. திறந்துவிடுங்க" என்கிறாள், கோட்டையைப் பிடித்தவள்போல.