பின்வரிசைக் குறட்டை

"தூங்கறதுக்கு அந்த ஆளுக்கு வீடு இல்லையா?" என்றான் பிராடி.

கேள்வி நியாயமானதுதான். அமெரிக்காவில், டொலீடோ நகரத்துக் கம்யூனிட்டி காலேஜில் காலை எட்டு மணிக்குத் தத்துவ அறிமுக வகுப்பு. 'நல்ல வாழ்க்கை என்றால் என்ன?' என்று ஹாலோவே மேடம் கேட்கிற நேரம் பார்த்து, பின்வரிசையிலிருந்து வெர்னனின் குறட்டை பதில் சொல்லும்.

வெர்னனுக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். சரக்குக் கிடங்கில் இரவு ஷிப்டை முடித்துவிட்டு, அதே ஆரஞ்சுச் சட்டையோடு வருவார். உட்கார்ந்ததும் கண் சொருகிவிடும்.

மற்றவர்கள் அப்படியா? இரண்டே வாரத்தில் பாதி ஞானிகள் ஆகிவிட்டவர்கள். பிராடிக்கு ரொம்பவே முற்றிவிட்டது. காபிக் கடையில் "சர்க்கரை வேணுமா?" என்றால், "வேணும்னா என்ன அர்த்தம்?" என்று கேட்டு, பின்னால் நிற்கிறவர்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வான்.

யெசெனியாவின் கவலை வேறு. இந்த ஒரு பாடத்தை முடித்தால்தான் அவளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம். மதியத்துக்கு மேல் முதியோர் இல்லத்தில் வேலை. காலை வகுப்பை விட்டால் வேறு கதியில்லை.

"அந்தச் சத்தத்துல ஒண்ணுமே மண்டையில ஏற மாட்டேங்குது" என்றாள்.

"கவலையை விடு. போன வாரம் என்ன படிச்சோம்? நிறைய பேருக்கு எது நல்லதோ அதுதான் சரி. செஞ்சே காட்டிடுவோம்" என்றான் பிராடி.

மேடம் வருவதற்குள் ஓட்டெடுப்பு நடந்தது. எல்லாக் கைகளும் உயர்ந்தன. யெசெனியாவின் கை மட்டும் கொஞ்சம் தயங்கி உயர்ந்தது.

பிராடி போய் வெர்னனின் தோளைத் தட்டினான். "பெரியவரே, உங்களைப் பத்தி ஒரு முடிவு எடுத்திருக்கோம்."

"குறட்டை விட்டுட்டேனா? மன்னிச்சுக்க தம்பி."

"மன்னிப்பெல்லாம் அடுத்த மாசப் பாடம். இப்ப நீங்க வகுப்புலேருந்து பேரை எடுத்துடுங்க. படிக்கறவங்க படிக்கட்டும்."

"ஆள் குறைஞ்சா பரவாயில்லையா?"

"குறைஞ்சா நல்லதுதான். எங்களுக்குத் தரம் முக்கியம், தலைக்கணக்கு இல்ல."

வெர்னன் யெசெனியாவைப் பார்த்தார். "உனக்கும் சம்மதமாம்மா?"

அவள் தலையாட்டினாள்.

"அப்ப புதுசா ஆள் சேர்ந்துட்டாங்க போல. சந்தோஷம்." போனை எடுத்து ஏதோ தட்டினார். "பேரை எடுத்தாச்சு. நல்லாப் படிங்க."

அவர் வெளியே போனதும் கைதட்டல் வேறு. தத்துவம் வாழ்க்கைக்கு உதவாது என்று எவன் சொன்னான்?

ஹாலோவே மேடம் உள்ளே வந்ததும் பின்வரிசையைத்தான் பார்த்தார்.

"வெர்னன் எங்கே?"

பிராடி எழுந்து, நடந்ததை மேற்கோள்களோடு விளக்கினான்.

மேடம் கையிலிருந்த புத்தகத்தை மூடினார். "பன்னிரண்டு பேர் இல்லேன்னா காலேஜ் வகுப்பை ரத்து பண்ணிடும். இன்னைக்குத்தான் கணக்கு எடுக்கறாங்க. இப்ப பதினோரு பேர்தான் இருக்கீங்க."

யெசெனியாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "மேடம், ஓடிப் போய்க் கூட்டிட்டு வரேன். திரும்பச் சேர்த்துக்குங்க!"

"சேர்க்கை போன வாரமே முடிஞ்சுபோச்சும்மா. வெளியே போகலாம், உள்ளே வர முடியாது."

பிராடிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அந்த ஆள் இதைச் சொல்லியிருக்க வேண்டாமா? அடுத்தவங்க படிப்பைப் பத்திக் கொஞ்சமாவது அக்கறை இருக்கா பாருங்க!"

மேடம் அவன் பக்கம் திரும்பினார்.

"அவர் போன வருஷமே இங்க படிப்பை முடிச்சுட்டுப் போனவர், பிராடி. ஒரு ஆள் குறைஞ்சு இந்த வகுப்பு நின்னுபோகப் போகுதுன்னு கேள்விப்பட்டு, உங்களுக்காகத்தான் பேரைக் கொடுத்துட்டு வந்து தூங்கிட்டிருந்தார்."