வாய்க்கால் கரை வெட்டிவேர்

கோடையில் ஒரு குரங்குக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு வந்து புண்ணாகிவிட்டது. வாய்க்கால் கரையில் வளை தோண்டிக் குடியிருந்த நண்டு அதைப் பார்த்து இரக்கப்பட்டது.

"இந்தக் கரையிலே இருக்கிற வெட்டிவேரை ஒரு பிடி எடுத்து, அரைச்சுப் பூசு. எரிச்சல் அடங்கிடும்" என்றது.

குரங்கு அப்படியே செய்தது. எரிச்சல் அடங்கியது, புண்ணும் ஆறியது. உடம்பு கமகமவென்று மணத்தது.

அந்த மணம் குரங்குக்குப் பிடித்துப்போனது. மறுபடி வந்து கரை நெடுகத் தோண்டியது.

"புண்தான் ஆறிடுச்சே, இன்னும் எதுக்குத் தோண்டுறே?" என்று நண்டு கேட்டது.

"எல்லாம் மருந்துக்குத்தான், அக்கா."

குரங்கு வேரையெல்லாம் அறுத்துக்கொண்டு, தழையையும் அடித்தூரையும் அங்கேயே வீசிவிட்டுப் போனது.

மழை வந்தது. பிடித்துக்கொள்ள வேரில்லாத கரை சரிந்து விழுந்தது. நண்டின் குஞ்சுகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது.

மழை விட்டதும் நண்டு, ஒதுங்கிக் கிடந்த தூர்களை ஒவ்வொன்றாக இழுத்துவந்து, மறுபடி வேர்விடட்டும் என்று சேற்றில் ஊன்றியது. அப்போது குரங்கு வந்து, ஒட்டியிருந்த மிச்ச வேருக்காக ஊன்றிய தூரைப் பிடுங்கக் கை நீட்டியது. நண்டு அதன் விரலைக் கவ்விப் பிடித்தது.

"விடு அக்கா, வலிக்குது. மருந்துக்குத்தானே எடுக்கறேன்."

"அன்னைக்கும் அதைத்தான் சொன்னே. என் பிள்ளைங்க எங்கே?"

குரங்கு கையை உதறியது. நண்டின் பிடி இன்னும் இறுகியது.

"இன்னொரு கை சும்மாதானே இருக்கு" என்றது நண்டு. "நடு."